தண்ணீர் இருக்கும் பத்து நாள்

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் வீடியோ காலில் வந்தான். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். திரையில் அவன் முகத்தைக் காணோம். அவன் வீட்டுக் கூடம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று நீளமாகக் கிடந்தது.

“என்னண்ணா அது, மெத்தையா?”

“படகு பாப்பா. கயாக்கு. காத்தடிச்சா படகு, காத்த எறக்கிட்டா ஒரு பையில அடங்கிடும். ரெண்டு பேர் உக்காரலாம். ஆகஸ்ட்ல எடுத்துனு வரேன். நீயும் நானும் பெண்ணையாத்துல போறோம். சாத்தனூர் டேம்லேருந்து கடல் வரைக்கும். நாலு நாள்.”

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அவன் நான்கு வயது மூத்தவன். இருபத்தாறு வயதில், பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள ஒரு வீட்டில் பெண் எடுத்து பாரீசுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்குப் போனான். அங்கே ரயில் பெட்டிகள் பழுது பார்க்கும் பணிமனையில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆகஸ்டில் வருவான். வந்தால் கல்யாண வீடு, சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவது, பல் டாக்டர், பத்திரப் பதிவு அலுவலகம், மாமியார் வீட்டு விருந்து என்று நான்கு வாரம் ஓடிவிடும். நானும் அவனும் மட்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை.

“ஆகஸ்ட்ல பெண்ணையாத்துல என்னண்ணா இருக்கும்? மணல்தான் இருக்கும்.”

“மேப்புல நீலமா போட்டுருக்குதே.”

“மேப்புல எல்லா ஆத்தையும் நீலமாத்தான் போடுவாங்க.”

அவன் அங்கே நண்பர்களோடு மூன்று கோடைகளில் ஆற்றில் போயிருக்கிறான். கரையில் கூடாரம் போட இடம் இருக்குமாம், குளிக்க வெந்நீர் வருமாம், ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் ஓடுகிறது என்பதைக் காலையில் போனிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். அன்று மாலையே பன்னிரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் அனுப்பினான். நாலு இடத்தில் ‘பிவுவாக்’ என்று எழுதியிருந்தது. ஏதோ மாத்திரை என்று நினைத்துக் கேட்டேன். ராத்திரி வெட்டவெளியில் தங்குவதற்கு அப்படிச் சொல்வார்களாம்.

ஏன் சரி என்று சொன்னேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு யூனிட்டில் டிஸ்பேட்ச் பார்ப்பது என் வேலை. எந்த லாரி எந்த நேரம் எந்த கேட்டில் நிற்க வேண்டும், மழை வந்தால் எதை முதலில் ஏற்ற வேண்டும், டிரைவர் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இருபது வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அதில் ஒரு வரிகூட இந்த ஆற்றைப் பற்றியது இல்லை. “அண்ணா, திட்டம் நான் போடறேன். நீ படகு மட்டும் எடுத்துனு வா” என்றேன். அப்படிச் சொன்னதிலேயே நானும் போகிறேன் என்று ஆகிவிட்டது.

ஜூலையில் அரை நாள் லீவு போட்டு, ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அலுவலகத்துக்குப் போனேன். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த ஒரு பொறியாளர் உட்கார வைத்து டீ வரவழைத்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை.

“இந்த ஆத்துல ஒரு சங்கடம் இருக்குதும்மா. தண்ணி இருக்கும்போது எறங்கக் கூடாது. எறங்கலாம்ங்கும்போது தண்ணி இருக்காது.”

“நடுவுல ஒண்ணுமே இல்லியா சார்?”

“இருக்குது. ஐப்பசி கார்த்திகை மழையில டேம் நெறஞ்சு தெறப்பாங்க. வெள்ளம் வரும். அது வடியும்போது ஒரு பத்து நாள் இடுப்பளவு, மாரளவு தண்ணி ஓடும். சில வருஷம் ரெண்டு வாரம். அப்பறம் வாய்க்கா மாதிரி ஆயிடும்.”

“அந்தப் பத்து நாள் எப்ப வரும்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் இந்த சீட்டுல உக்காந்துனு இருக்கேன்?”

பிறகு ஒரு தாளை எடுத்து ஆற்றை வரைந்து காட்டினார். டேமிலிருந்து திருக்கோவிலூர் வரை பாறை அதிகம், அதை விட்டுவிடச் சொன்னார். திருக்கோவிலூர் அணைக்கட்டுக்குக் கீழே இறங்கினால் கடலூர் வரை மணல் ஆறு. நடுவில் அணைக்கட்டுகள் குறுக்கே வரும். அங்கெல்லாம் கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய், கீழே மறுபடி இறங்க வேண்டும். வெள்ள எச்சரிக்கை இருந்தால் காலைக்கூட நனைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். தன் போன் நம்பரையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன். “ஆகஸ்ட் இல்லண்ணா. டிசம்பர்.”

டிசம்பரில் அவன் ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அவன் பணிமனையில் அந்த மாத லீவு சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்குத்தான் முதலில் கிடைக்கும். கேட்டுப் பார்க்கிறேன் என்றான். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை லீவு கிடைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினான். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. கிறிஸ்துமசுக்கு அவன் நம் வீட்டில் இருப்பான் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

செப்டம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் வீட்டுக்காரரும் பைக்கில் ஆற்றோரமாகப் போனோம். அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சொந்த வேன் ஓட்டுகிறார். ஆற்றில் நாங்கள் போகும்போது அந்த வேனில் கரையோரமாகக் கூட வர ஒப்புக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தூங்குகிற மனிதர். முதல் வாரம் முனகிக்கொண்டே வந்தார். மூன்றாவது வாரம் அவரே ஐந்து மணிக்கு எழுந்து பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். திருக்கோவிலூரிலிருந்து ஆரம்பித்து பாலம் பாலமாக வந்தோம். ஒவ்வொரு பாலத்துக்கும் என் நோட்டில் ஒரு பக்கம். எந்தக் கரையில் இறங்கலாம், வேன் எவ்வளவு பக்கத்தில் வரும், மழை பெய்தால் அந்த மண்பாதையில் சக்கரம் புதையுமா, போன் சிக்னல் இருக்கிறதா. அப்போது ஆற்றில் தண்ணீர் இல்லை. காய்ந்த மணலில் நாங்கள் நடந்தே குறுக்கே போய் வந்தோம். ஒரு பழைய அணைக்கட்டு வெள்ளத்தில் உடைந்து, சிமெண்ட்டுத் துண்டங்களும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுமாகக் கிடந்தது. தண்ணீர் வந்தால் அந்தக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் ‘அரை கிலோமீட்டர் முன்பே ஏறிவிட வேண்டும்’ என்று எழுதினேன். சீமைக் கருவேல முள் எங்கே அதிகமோ அதையும் குறித்துக்கொண்டேன். காற்றடைத்த படகுக்கு முதலையைவிட அதுதான் பயம்.

பாகூர் பக்கம் வந்தபோது வடகரை நம் புதுச்சேரி, தென்கரை தமிழ்நாடு. இரண்டு பக்கத்துப் போலீசுக்கும் மனு எழுத வேண்டும் என்றேன்.

“நடு ஆத்துல கவுந்தா எந்த ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கறது?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“நீங்க கரையில இருப்பீங்க இல்ல, நீங்களே முடிவு பண்ணுங்க” என்றேன்.

இதற்கிடையில் ஒரு விஷயம் எல்லாத் திட்டத்துக்கும் குறுக்கே நின்றது. எனக்கு நீச்சல் தெரியாது. யூனிட்டில் லோடு ஏற்றும் ஆட்களுக்குத் தலைவர் வீராம்பட்டினத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குடும்பத்தில் மற்றவர்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அவரிடம் ஆற்றுப் பயணத்தைப் பற்றி யோசனை கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“நீச்சு தெரியுமா மேடம்?”

“தெரியாதுண்ணே. லைஃப் ஜாக்கெட் இருக்குது.”

“ஜாக்கெட்டு மெதக்க வெக்கும். பயத்த அதால ஒண்ணும் பண்ண முடியாது. மொதல்ல தண்ணியில தலைய முக்கிப் பழகுங்க.”

டவுனில் ஒரு நீச்சல்குளத்தில் பெண்களுக்கு என்று தனி நேரம் இருந்தது. காலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கூட இருந்தவர்கள் எல்லாம் காலேஜ் பெண்கள். முழங்கால் வரை மூடிய நீச்சல் உடை ஒன்று வாங்கியிருந்தேன். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வரவே பத்து நிமிடம் ஆனது. ஆறு வாரத்தில் மிதக்கவும், இருபது மீட்டர் வரை கையடித்துப் போகவும் வந்தது. அதற்கு மேல் இன்றுவரை வரவில்லை.

அக்டோபரில் ஒரு படிவம் தயாரித்தேன். நீண்ட தூரம் போகும் லாரி டிரைவர்களிடம் நாங்கள் வாங்கி வைப்பதுதான். ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர், ஒவ்வாமை, தினம் சாப்பிடும் மாத்திரை. எனக்கு ஒன்று நிரப்பிவிட்டு அண்ணனுக்கு ஒன்று அனுப்பினேன். மற்ற எல்லாவற்றுக்கும் அன்றே பதில் போடுகிறவன் இதற்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டான். திரும்பி வந்த படிவத்தில் மாத்திரை என்ற இடத்தில் நான்கு பெயர்கள் இருந்தன. ஒன்று சர்க்கரைக்கு உள்ளது, எனக்கே தெரியும். மற்ற மூன்றும் தெரியவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் நாங்கள் எப்போதும் வாங்கும் மருந்துக்கடையில் போனைக் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“ரத்தம் உறையாம இருக்கறதுக்கு இது. இதுவும் அதான். ஸ்டென்ட் வெச்சவங்களுக்குக் குடுப்பாங்க. யாருக்கும்மா?”

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணனைக் கூப்பிட்டேன். கேட்டதும் அவன் மறுக்கவில்லை. போன வருடம் தை மாதத்தில், வேலையில் இருக்கும்போதே மார்பு வலி வந்திருக்கிறது. இரண்டு ஸ்டென்ட். ஏழு நாள் ஆஸ்பத்திரி. அந்த ஏழு நாளில் என்னோடு இரண்டு முறை போனில் பேசியிருக்கிறான். ஜலதோஷம், தொண்டை கட்டிக்கொண்டது என்றான். நானும் மிளகு ரசம் வைக்கச் சொன்னேன்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ என்னா பண்ணிருப்ப? விசா எடுத்துனு வந்துருப்பியா? அங்க உக்காந்து அழுதுனு இருப்ப.”

“அழறதோ என்னாவோ, தெரியணும் இல்ல?”

“அம்மாவ ஐசியூல சேத்தத நீ எனக்கு எப்ப சொன்ன? மூணாம் நாள். பொறந்த நாளும் அதுவுமா உன்ன கலங்க வெக்க வேணாம்னு பாத்தேன்னு சொன்ன. நான் வந்து சேரும்போது பெட்டி மூடியாச்சு.”

அந்த மூன்று நாளைப் பற்றி ஆறு வருடமாக அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அவன் மறந்துவிட்டான் என்று எண்ணியிருந்தேன். போனை வைத்துவிட்டேன். ஒரு வாரம் அவன் கூப்பிட்டதையும் எடுக்கவில்லை. ஆற்று நோட்டை பீரோவில் துணிக்கு அடியில் போட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சாப்பிடும்போது கேட்டார்.

“உங்க அண்ணன் அந்தக் கட்டத்துல சும்மா சுகர் மாத்திரைய மட்டும் எழுதிட்டுப் போயிருக்கலாம் இல்ல?”

“அதுக்கென்ன?”

“எழுதியிருக்காரு. வாயால சொல்ல வரல, எழுதிட்டாரு. ஒன்பது நாள் யோசிச்சு எழுதியிருக்காரு. நீ என்னாத்துக்கு மூஞ்ச தூக்கினு இருக்க?”

அடுத்த நாள் காலையில் நீச்சல்குளத்திலிருந்து வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே விடியவில்லை, தூக்கத்தில் எடுத்தான். “டாக்டர் லெட்டர் வேணும். துடுப்பு போடலாமா, எத்தனை மணி நேரம் போடலாம்னு எழுதி வாங்கு. இல்லேன்னா கெளம்பாத” என்றேன். “சரி பாப்பா” என்றான். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

திட்டத்தை மறுபடி முதலிலிருந்து போட்டேன். நான்கு நாள் மூன்று நாளானது. டாக்டர் லெட்டரில் இருந்தபடி, ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் துடுப்பு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வேன் வரக்கூடிய இடம் ஒன்று கரையில் இருக்க வேண்டும். மணல் திட்டில் தங்குவது கிடையாது. மேலே டேம் திறந்தால் தூங்கும்போதே தண்ணீர் வந்துவிடும். முதல் இரவுக்கு என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் கரும்புத் தோட்டத்தில் மோட்டார் கொட்டகை, இரண்டாவது இரவுக்கு ஆற்றங்கரையில் ஒரு கிராமத்துக் கோயிலின் மாதாக் கூடம். அந்தப் பங்குச் சாமியாருக்கு எழுதிக் கேட்டு வாங்கினேன். ஆற்றோரத்தில் இதய நோய் பார்க்கும் ஆஸ்பத்திரி எங்கெங்கே என்று தனியாக ஒரு பக்கம். இருவருக்கும் சேர்த்து ஒரு விதியும் எழுதினேன். யாருக்கு என்ன செய்தாலும் உடனே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் அதைப் படித்துவிட்டு ‘தாக்கோர்’ என்று மட்டும் பதில் போட்டான். சம்மதம் என்று அர்த்தம்.

டிசம்பரில் அவன் வந்து இறங்கிய அன்றே வங்கக் கடலில் காற்றழுத்தம். மூன்று நாள் விடாத மழை. டேம் திறந்துவிட்டார்கள். ஆற்றோர ஊர்களுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் நீர்மட்டம் பார்த்துக்கொண்டே இருந்தான். பொறியாளர் கூப்பிடுவார் என்று நான் சொன்ன பிறகும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தான். நாலாவது நாள் மழை விட்டது. அவனைப் பெரிய மார்க்கெட்டுக்கு அனுப்பி அவல், கருவாடு, வாழைப்பழம் எல்லாம் வாங்கி வரச் சொன்னேன். மீன்கார அம்மாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, அவலை மறந்துவிட்டு வந்தான்.

ஆறு வடிவதற்காகக் காத்திருந்த நாட்களில் வீராம்பட்டினத்துக்குப் பின்னால் அரியாங்குப்பத்து ஆற்றில் படகை இறக்கிப் பார்த்தோம். லோடுக்காரர் கரையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் கால் பம்பால் காற்றடித்து முடித்ததும் படகைத் தட்டிப் பார்த்தார்.

“பலூனு” என்றார். “சரி, போவட்டும்.”

நாங்கள் ஏறி உட்கார்ந்து துடுப்பு போட்டோம். படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. அண்ணன் பின்னால் உட்கார்ந்து இடது, வலது என்று கத்தினான். எனக்கு எது அவன் சொன்ன வலது என்று புரிவதற்குள் படகு திரும்பிவிட்டது. ஒருவர் துடுப்பு இன்னொருவர் துடுப்பில் இடித்தது. அவன் திட்டினான். நானும் திட்டினேன். கரையிலிருந்து லோடுக்காரர் கையைத் தட்டி எங்களைக் கூப்பிட்டார்.

“சாரு முன்னாடி வாங்க. மேடம் பின்னாடி போங்க.”

“நாந்தான் பழகினவன். பின்னாடி இருக்கறவங்கதான திருப்பணும்?” என்றான் அண்ணன்.

“திருப்பறத மேடம் ரெண்டு நாள்ல கத்துக்குவாங்க. முன்னாடி இருக்கறவரு வேகம்தான் படகோட வேகம். உங்களுக்கு எவ்ளோ முடியுமோ அவ்ளோ போடுங்க. பின்னாடி இருந்தா மேடம் போடற வேகத்துக்கு நீங்க இழுத்துனு கெடக்கணும்.”

அவருக்கு ஸ்டென்ட் விஷயம் நான்தான் சொல்லியிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து, தண்ணீரில் இறங்கி, முன்னால் வந்து உட்கார்ந்தான். அடுத்த இரண்டு நாள் காலையிலும் அங்கேயே பழகினோம். படகு நேராகப் போக ஆரம்பித்தது.

கிறிஸ்துமசுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பொறியாளர் போன் செய்தார். “நாளைக்கு வேணாம். நாளன்னிக்குக் காலையில எறங்கலாம். மழை இல்லேன்னா.” இரண்டு பக்கத்துப் போலீசுக்கும் தகவல் கொடுத்தேன். யூனிட்டில் அட்டைப் பெட்டிக்குள் போடும் கனமான பிளாஸ்டிக் பையில் துணிகளையும் மாத்திரைகளையும் வைத்து, வாயை மெஷினில் ஒட்டி எடுத்து வந்தேன். சாப்பாடு மூடி போட்ட நீல டிரம்மில்.

திருக்கோவிலூர் அணைக்கட்டுக்குக் கீழே இறங்கியபோது மணி ஏழு. தண்ணீர் பால் குறைந்த டீயின் நிறத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் கரையில் நின்று, படகு வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஒரு மணி நேரம் நான் ஆற்றையே பார்க்கவில்லை. அண்ணனின் முதுகையும் துடுப்பையும்தான் பார்த்தேன். அவன் கழுத்தில் அப்பாவுக்கு இருந்த அதே இடத்தில் ஒரு மச்சம் இருந்தது. எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

சில இடங்களில் ஆறு நான்காகப் பிரிந்தது. எந்தக் கிளையில் தண்ணீர் அதிகம் என்று தெரியாமல் தப்பானதில் போய், படகு மணலில் தட்டி, இறங்கி இழுத்தோம். நான் மணலாகப் பார்த்துக் குறித்த இடங்களில் பாதி அடையாளமே தெரியவில்லை. பாலங்கள் மட்டும் நோட்டில் எழுதியபடியே வந்தன. ஒவ்வொன்றின் கீழும் வேன் நின்றது. மதியத்துக்கு முன் ஒரு துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கேருந்து வரீங்க?”

“திருக்கோவிலூர்லேருந்து” என்றான் அண்ணன்.

“ஏன், பஸ்சு ஓடலியா?”

அண்ணன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படகைத் திருப்பினேன்.

இரண்டாம் நாள் காலை ஆறு ஒரே ஓட்டமாகப் போனது. துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் போக முடிந்தது. இரு பக்கமும் நாணல், கரும்பு, எங்கோ ஒரு டிராக்டர் சத்தம். உடைந்த அணைக்கட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்பே ஏறி, வேனில் சுற்றிப் போய் மறுபடி இறங்கினோம். அண்ணன் அம்மாவைப் பற்றிக் கேட்டான். கடைசி மூன்று நாள் என்ன சாப்பிட்டார், யாரைக் கேட்டார், வலி இருந்ததா என்று. எனக்கு அவன் முகம் தெரியவில்லை. அவனுக்கும் என் முகம் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பெயரை அம்மா இரண்டு முறை கேட்டதையும், லீவு கிடைக்கவில்லை என்று நான் பொய் சொன்னதையும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் துடுப்பு போடாமல் இருந்தான். பிறகு போட ஆரம்பித்தான்.

பதினொரு மணி வாக்கில் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். “பாப்பா, எடது தோள் வலிக்குது.”

படகைக் கரைப்பக்கம் திருப்பினேன். கை அதுவாகவே செய்தது. அடுத்த பாலம் கால் மணி நேரத் தொலைவில். அவனைத் துடுப்பை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு நான் ஒருத்தியே போட்டேன். வேன் நின்றிருந்தது. நோட்டில் அந்தப் பக்கத்துக்கு நேராக எழுதியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதினெட்டு நிமிடம் ஆனது. சேறு ஒட்டிய அரைக்கால் சட்டையோடு அண்ணனைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்து, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பக்கம் போன நர்ஸ்தான் சொன்னார்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். “ஹார்ட்ல ஒண்ணும் இல்ல. தசைப்பிடிப்பு. பழக்கம் இல்லாத வேலை” என்றார். பிறகு ஆர்வம் தாங்காமல், “ஆத்துல என்னா பண்ணீங்க?” என்று கேட்டார். அண்ணன் படுத்துக்கொண்டே அவருக்குப் படகின் படத்தைக் காட்டினான்.

அன்று மாதாக் கூடத்தில் தங்கினோம். காலையில் எழுந்ததும் அண்ணன், “அரை நாள் போவலாம். வலிச்சா சொல்றேன்” என்றான். சரி என்றேன். வலிக்கவில்லை. மெதுவாகவே போனோம். கடலூருக்குப் பக்கத்தில் ஆறு அகலமானது. கடலிலிருந்து எதிர்க்காற்று அடித்தது. துடுப்பை நிறுத்தினால் படகு பின்னால் போனது. தண்ணீரின் வாடை மாறிவிட்டது. தூரத்தில் அலைச் சத்தம் கேட்டது. கடைசிப் பாலம் வந்தபோது படகைக் கரைப்பக்கம் திருப்பினேன்.

“அண்ணா, எனக்குப் பயமா இருக்குது. இதுக்கு மேல வேணாம்.”

“இன்னும் மூணு கிலோமீட்டர்தான் பாப்பா.”

“தெரியும். எனக்குப் பயமா இருக்குது.”

அவன் முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தான். “சரி, ஏறிக்கலாம்” என்றான். கடலைப் பார்க்காமலே கரையேறினோம். அவனுக்கு வருத்தம்தான். படகிலிருந்து காற்று இறங்கும் வரை அதன் மேல் உட்கார்ந்திருந்தான். பிறகு பசிக்கிறது என்றான். மூன்று பேரும் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டோம்.

கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டான். மாதக் கடைசியில் ஊருக்குப் போனான். யூனிட்டில் லோடுக்காரரிடம் மூன்று கிலோமீட்டர் பாக்கி வைத்துவிட்டோம் என்று சொன்னபோது, முகத்துவாரத்தில் அப்போது மணல் மேடு மாறிக் கிடந்தது, ஏறியதே நல்லது என்றார்.

பிப்ரவரியில் அவனுக்கு ஒரு பரிசோதனை இருந்தது. தேதியும் நேரமும் ஆஸ்பத்திரி நம்பரும் ஒரு வாரம் முன்பே எனக்கு எழுதி அனுப்பினான். அன்று என் ஷிப்டு முடியும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்தே வீடியோ காலில் கூப்பிட்டான். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“ரெண்டு ஸ்டென்ட்டும் நல்லா இருக்குதாம். கொழுப்பு கொஞ்சம் ஏறியிருக்குது. மாத்திரைய மாத்தியிருக்காங்க.”

“பேர் என்னா?” என்று கேட்டு, பேனாவை எடுத்தேன்.